மஞ்சள் பெட்டிக்கு அளவு

லாஸ் பால்மாஸ்,
20 பிப்ரவரி 1986

பெருமதிப்பிற்குரிய திரு. பிரௌலியோ அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் தொடங்கித் தாங்கள் தலைநகரிலிருந்து விடுத்த மூன்று கடிதங்களும் பேருந்து ஓட்டுநர் சிச்சோவின் கைவழியாகக் குறைவின்றி வந்து சேர்ந்தன. இவ்வளவு காலம் கடந்து பதில் எழுதுவதற்குத் தங்கள் பொறுத்தருளலை வேண்டுகிறேன். உடல்நலக் குறைவு என்றோ வேலைப்பளு என்றோ பொய் சொல்ல விருப்பமில்லை. கோபத்தில் எழுதினால் வாக்கியங்கள் கோணிப்போகின்றன. அவை நேராகும்வரை காத்திருந்தேன். கோபம் குறையவில்லை, வாக்கியங்கள் மட்டும் நேராகிவிட்டன.

உடன்பிறந்தவனை இப்படியா விளிப்பது என்று தாங்கள் திகைக்கலாம். தம்பி என்று அழைக்க எனக்கு ஒருவன் இருந்தான். சென்ற ஆண்டு மார்ச் பதினேழாம் தேதி மாலை என் வீட்டு முற்றத்திலிருந்து எழுந்து ஓடியவன், இன்றுவரை திரும்பவில்லை. அவன் முகவரியில் தாங்கள் வசிப்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் செய்தி. பேஸ்பால் என்ற சொல்லையே காதில் வாங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ஆற்றின் இக்கரையில் எங்கள் லாஸ் பால்மாஸ் நீல அணியும், அக்கரையில் தாங்கள் பிறந்த, வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் பிறந்த லோமா செகாவின் மஞ்சள் அணியும் மாகாண இறுதிப் போட்டியில் மீண்டும் மோதுகின்றன. மார்ச் பதினாறு, ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. இம்முறை எங்கள் மைதானத்தில். மறுநாள் திங்கட்கிழமை என் கணவரின் ஆண்டு முடிவுப் பிரார்த்தனை. இரண்டும் அடுத்தடுத்து வருவது தற்செயல் என்று பாதிரியார் சொல்கிறார். என் கணவர் அதைத் தற்செயல் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

தங்கள் மூன்று கடிதங்களும் ஒரே ஒரு வேண்டுகோளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: "பெட்டியை எரிச்சிடு." எந்தப் பெட்டி, எப்படி வந்த பெட்டி என்பதையெல்லாம் மறந்துவிட்டவர்போல் எழுதுகிறீர்கள். ஆகவே நினைவூட்டுவது என் கடமையாகிறது.

தோற்ற ஊரின் நிறத்தில் சவப்பெட்டி செய்து, மேளம் கொட்டி, பொய்ப் பாதிரியார் ஒருவரை முன்னால் நடக்கவிட்டு, வென்ற ஊர் பாலத்தைத் தாண்டி வரும். தோற்ற ஊரின் ரசிகர் தலைவர் தம் வாசலில் கறுப்புத் துணி கட்டி, நாற்காலிகள் போட்டுக் காத்திருப்பார். வீட்டுப் பெண்கள் பெட்டியைக் கண்டதும் மார்பில் அடித்து அழுவார்கள். தூக்கி வந்தவர்களுக்குக் காப்பியும் ரம்மும் தருவார்கள். பிறகு ஆற்றங்கரையில் பெட்டி எரியும். எங்கள் பக்கத்துத் தலைவர் என் கணவர் எலீஹியோ. தங்கள் பக்கத்துத் தலைவர் தாங்கள். ஆகவே பெட்டி எந்த ஆண்டும் மூன்றாமவர் வாசலுக்குப் போனதில்லை. இரு கரைக்கும் ஒழுங்கான தச்சர் தாங்கள் ஒருவரே என்பதால் நீலப் பெட்டியையும் மஞ்சள் பெட்டியையும் தாங்களே செய்தீர்கள். சிரித்துக்கொண்டே செய்தீர்கள்.

சென்ற ஆண்டு மட்டும் பழைய பலகை போதாது என்றீர்கள். எங்கள் கட்டில் செய்து மிஞ்சியிருந்த மகோகனிப் பலகைகளைக் கேட்டு வாங்கினீர்கள். என் சமையலறைத் தரையில் என் கணவரை மல்லாக்கப் படுக்கவைத்து நாடாவால் அளந்தீர்கள்.

"மச்சான், வயித்த உள்ள இழு. பலகை வீணாகுது."

"இழுக்க மாட்டேன்டா. பெட்டி எதுக்குடா இவ்வளவு உறுதியா?"

"இனி வருஷா வருஷம் தோக்கப்போறீங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா செய்ய என்னால முடியாது. நிரந்தரமா ஒண்ணு இருக்கட்டும்."

அவர் தரையில் கிடந்தபடி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பீன்ஸைக் கவனிக்காமல் விட்டேன். அடி பிடித்த பீன்ஸை இரண்டு பேரும் குறை சொல்லாமல் தின்றீர்கள்.

பிறகு அந்த ஞாயிறு. மார்பு நோவு காரணமாக மருத்துவர் அவரை மைதானத்துக்குப் போகவிடவில்லை. வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர் இறந்தார். மாலையில் தாங்கள் பாலத்தைத் தாண்டி வந்தபோது என் வாசலில் கறுப்புத் துணி தொங்கியது. முற்றத்தில் நாற்காலிகள் இருந்தன. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லாம் வழக்கப்படி இருந்தது. அதனால்தான் அப்படி நேர்ந்தது. தாங்கள் பெட்டியை முற்றத்தின் நடுவில் இறக்கிவைத்து, "எழுந்து வா மச்சான், உன் பொணத்த நீயே வந்து பாரு" என்றீர்கள். பெண்களின் அழுகை உயர்ந்தது. தங்களோடு வந்த ஒருவர், "இந்த வருஷம் நல்லா அழுறாங்கப்பா" என்று பாராட்டியதை உள்ளே இருந்து என் காதாலேயே கேட்டேன். நான் வாசலுக்கு வந்து நின்றேன். தாங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். ஓடினீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். தவறாக எண்ணியதற்காக நான் தங்களைக் குற்றம் சாட்டவில்லை. அந்த வாசலைப் பார்த்த எவரும் அப்படித்தான் எண்ணியிருப்பார். ஓடியதற்காகக் குற்றம் சாட்டுகிறேன். அடக்கத்துக்கு வரவில்லை. ஒன்பது நாள் பிரார்த்தனையில் ஒரு நாளும் வரவில்லை. பெட்டியின் முன்பக்க இடது கைப்பிடி மனைவியின் உடன்பிறந்தவனுக்கு உரியது. அதைப் பிடிக்க ஆள் இல்லாமல் நானே பிடித்தேன்.

தாங்கள் அனுப்பிய ஆடும் நாற்காலியை இக்கடிதத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இரவல் நாற்காலிகள் அன்றைக்கே எனக்குப் போதுமான அளவு கிடைத்தன.

பெட்டியைப் பற்றிய தங்கள் வேண்டுகோளுக்குப் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

இப்படிக்கு,
எர்மினியா
எலீஹியோவின் மனைவி

—

சான்டோ டொமிங்கோ,
26 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

உன் கடுதாசியைக் குடுக்கும்போதே சிச்சோ சொன்னான், "கோர்ட்டுல இருந்து வந்த மாதிரி கனமா இருக்குப்பா, வக்கீல் வச்சிக்கோ"ன்னு. கடையில வச்சுப் படிக்க முடியல. மரத்தூள் கொட்டுற கொல்லைப்பக்கம் போய்ப் படிச்சேன்.

"தாங்கள்"னு எழுதியிருக்கே. சின்ன வயசுல வெள்ளத்துல ஆத்துல குதிச்சதுக்கு ஈரத்துண்டால என்னை அடிச்சியே, அது இதைவிடப் பரவாயில்லை. துண்டு அடி மறுநாள் காய்ஞ்சிடும்.

உன் மாதிரி எனக்கு எழுத வராது. பள்ளிக்கூடத்துக்குப் போனது நான். ஆனா மீன் சுத்தி வந்த பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்தைப் பிரிச்சு வச்சு, ஆட்டக்காரங்க பேரைத் தடவித் தடவிப் படிக்கக் கத்துக்கிட்டது நீ. அதனாலதான் நீ திட்டினாக்கூட ரேடியோக்காரர் பேசுற மாதிரி இருக்கு.

நீ எழுதினது எல்லாம் சரி. ஒண்ணுகூடத் தப்பில்லை. நான் ஓடினேன். அன்னைக்கு உன் முகத்தைப் பார்த்ததும் என் காலு தானாப் போச்சு. பாலத்து மேலதான் நின்னேன். மேளக்காரங்க பின்னாலயே வந்தாங்க. அப்படியே காலையில முதல் பஸ்ஸுல ஏறினவன்தான். லோமா செகா வீட்டைப் பூட்டிக்கூட வரல. பக்கத்து வீட்டுக்காரங்கதான் பூட்டினாங்களாம்.

இங்க கதவு செய்யறேன், ஜன்னல் செய்யறேன். போன மாசம் ஒருத்தர் பெட்டி வேணும்னு வந்தார். முடியாதுன்னுட்டேன். முதலாளி கோவிச்சுக்கிட்டார். ரேடியோவுல பந்து ஆட்டம் வந்தா நான் வெளியே போயிடுவேன். உங்க இடதுகைக்காரன் மிங்கோவுக்குத் தோள்பட்டை சரியாயிடுச்சாமே. நான் கேக்கலை, காதுல விழுந்துது. ரெண்டு பந்து வளைச்சுப் போட்டுட்டு மூணாவது நேராப் போடுறானாம், எவனுக்கும் கண்ணுக்கே தெரியலையாம். அதுவும் காதுல விழுந்ததுதான்.

அக்கா, உனக்கு ஒரு நல்ல சேதி சொல்றேன். நான் லோமா செகா கிளப்புக்கு எழுதினேன். இந்த வருஷம் ஊர்வலம் வேண்டாம், பெட்டி வேண்டாம், மேளம் வேண்டாம், எர்மினியா அக்கா மனசு நோகும்னு எழுதினேன். ஒத்துக்கிட்டாங்க. உங்க ஊருக்கும் சொல்லி அவங்களும் சரின்னுட்டாங்களாம். பாதிரியாருக்கு ரொம்பச் சந்தோஷம். தவக்காலத்துல இந்தக் கூத்து தேவையான்னு அவர் எப்பவோ கேட்டவர்தானே. ஆட்டம் நடக்கும், முடியும், அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. உன் வாசலுக்கு எதுவும் வராது. அதுக்கு நான் பொறுப்பு.

நாற்காலியைத் திரும்ப அனுப்பறேன். சிச்சோ புலம்பறான், இந்த நாற்காலி செனட்டரைவிட அதிகமா ஊர் சுத்துதுன்னு. தயவுபண்ணி வச்சுக்கோ.

பெட்டியை எரிச்சிடு அக்கா. அது உன் முத்தத்துல நிக்குதுன்னு நினைச்சாலே உளியைக் கீழ வச்சிடறேன்.

உன் தம்பி
பிரௌலியோ

—

லாஸ் பால்மாஸ்,
4 மார்ச் 1986

மதிப்பிற்குரிய திரு. பிரௌலியோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நற்செய்தி என்று குறிப்பிட்டதும் சனிக்கிழமை காலை என் வாசலுக்கு நடந்தே வந்தது.

எங்கள் ரசிகர் சங்கத்தின் இப்போதைய தலைவர், முடிதிருத்துநர் ஃபாக்குந்தோ ஒருபுறம். லோமா செகா கிளப்பின் செயலாளர் மறுபுறம். இரண்டு நிறத்தாரும் ஒரே நேரத்தில் என் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி அதுவரை எவரும் கண்டிராதது. காப்பி கொடுத்தேன். ஃபாக்குந்தோ சுற்றி வளைத்து மழை, வாழை விலை, என் உடல்நலம் எல்லாம் விசாரித்த பிறகு விஷயத்துக்கு வந்தார். யார் வென்றாலும் இவ்வாண்டு சவ ஊர்வலம் இல்லை என்று இரு ஊரும் முடிவு செய்துவிட்டனவாம்.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?" என்றேன்.

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்ம்மா."

"என் மனசு கஷ்டப்படுறது என் வேலை. ஊர்வலம் நடத்துறது உங்க வேலை. என் வேலையை நான் ஒரு வருஷமா ஒழுங்காப் பாக்கறேன். உங்க வேலையை நீங்க பாருங்க."

ஃபாக்குந்தோ தொப்பியைச் சுழற்றினார். மஞ்சள் செயலாளர் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்: "பெட்டி செய்யவும் ஆள் இல்லையேங்க." அன்று அந்த வாசலில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

திரு. பிரௌலியோ அவர்களே, தங்களுக்கு இந்த அதிகாரத்தை யார் வழங்கினார்கள்? என் துக்கத்தைக் காரணம் காட்டி இரண்டு ஊர்களின் வழக்கத்தைத் தலைநகரில் உட்கார்ந்தபடி ஒரு கடிதத்தால் நிறுத்த முடியுமென்று எப்படி நினைத்தீர்கள்? என் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். என்னிடம் கேட்கவில்லை. இனி இந்த ஊரில் ஒவ்வொரு இறுதிப் போட்டியிலும், "எர்மினியாவுக்காக மேளத்தை நிறுத்தினோமே" என்று தாழ்ந்த குரலில் பேசுவார்கள். வென்ற ஊர் திருடர்களைப்போல் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகும். நாற்பது ஆண்டுகள் என் கணவர் மேளம் அடித்த தெருவில், அவர் இறந்ததனாலேயே மேளம் இல்லை என்று ஆகும். அவரைப் புதைத்தது போதாதா? அவர் விரும்பிய ஒன்றையும் அவரோடு சேர்த்துப் புதைக்கப் பார்க்கிறீர்கள். இது எனக்குச் செய்யும் மரியாதை அன்று. தாங்கள் ஓடியதற்குத் துணையாக இரண்டு ஊர்களையும் ஓடச் சொல்கிறீர்கள்.

இங்கே ஊர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வெளியே போய்விட வேண்டாம். மைதானத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நீலத் தாளைக் கத்தரித்துத் தோரணம் ஒட்டுகிறார்கள். ஊரில் பசை தீர்ந்து மரவள்ளி மாவைக் கரைத்து ஒட்டுகிறார்கள். ரொட்டிக் கடையில் மஞ்சள் நிறக் கேக் விற்பதில்லை என்று பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். மிங்கோவைத் தெருவில் கண்டால் பெண்கள் அவனுடைய இடது கையில் எதையும் சுமக்க விடுவதில்லை. நேற்று அவனுடைய தாயார் கொடுத்த வாளியை ஃபாக்குந்தோவே பிடுங்கித் தூக்கிச் சென்றார். உங்கள் அணியில் அந்தப் பெரிய மட்டைக்காரன் கேத்தானோ தாழ்வாக வரும் பந்தை ஆற்றுக்கு அப்பால் அனுப்பக்கூடியவன் என்பது தெரியும். ஆனால் மார்பு உயரத்தில் உள்ளே வரும் பந்தை அவனால் விட்டுவிட முடியாது. வீணாக வீசியே தீருவான். நான்கு ஆண்டுகளாகக் கவனித்திருக்கிறேன். இதை எங்கள் பயிற்சியாளருக்கு முறையான விண்ணப்பமாக எழுதித் தந்தேன். பதில் இல்லை. ஆனால் மறுநாள் மிங்கோ மார்பு உயரத்தில் பந்து போட்டுப் பழகுவதைக் கண்டேன்.

தங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. கேட்பதற்குத் தாங்கள் இங்கே இல்லாததால் சொல்லவில்லை.

என் கணவர் பேஸ்பாலால் சாகவில்லை. தோல்வியாலும் சாகவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் மூன்றாம் தளத்திலிருந்து ஓடி வந்து ஓட்டம் எடுத்தான். நான்குக்கு இரண்டு. நாங்கள் முன்னிலை. நாற்காலியின் கைப்பிடியில் மேளம்போல் தட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "எர்மினியா, அந்தக் கறுப்புத் துணியை அலமாரிக்குள்ள திரும்ப வை. இந்த வருஷம் தேவைப்படாது" என்றார். நான் துணியை மடித்துக்கொண்டு அலமாரிக்குப் போனேன். திரும்பி வந்தபோது வானொலி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

உங்கள் ஊரை வெல்லவைத்த ஓட்டங்கள் அனைத்தும் அதற்குப் பிறகு அடித்தவை. அவர் முன்னிலையில் இருக்கும்போதே எழுந்து போனவர். என் கணவர் தோற்கவில்லை, திரு. பிரௌலியோ அவர்களே. மடித்த துணியைப் பிரித்து வாசலில் கட்டியவள் நான். தோற்காத ஒருவரின் வாசலில் தாங்கள் பெட்டியை இறக்கிவைத்தீர்கள்.

நாற்காலி வந்தது. முற்றத்தில் நிற்கிறது. வெயிலில் நிற்கட்டும்.

எர்மினியா

—

சான்டோ டொமிங்கோ,
8 மார்ச்

அக்கா,

நாலுக்கு ரெண்டுன்னு இருக்கும்போதா?

இது எனக்குத் தெரியாது. ஆட்டம் முடிஞ்சு, கேத்தானோ அடிச்ச கடைசிப் பந்தைக் கேட்டு, "இந்த பிரௌலியோ பய பெட்டியத் தூக்கிட்டு வருவானே"ன்னு நெஞ்சைப் பிடிச்சிருப்பாருன்னு ஒரு வருஷமா நினைச்சிட்டிருந்தேன். என் பெட்டிதான் அவரைக் கொன்னுதுன்னு நினைச்சிட்டிருந்தேன். அந்த ஏழாவது இன்னிங்ஸ்ல நான் மைதானத்துல தலையில கை வச்சு உக்காந்திருந்தேன். மச்சான் இப்போ ரேடியோகிட்ட உக்காந்து எனக்குப் புதுசா என்ன பட்டப்பேரு வச்சிட்டிருப்பாருன்னு யோசிச்சிட்டிருந்தேன். அப்போ அவர் சந்தோஷமாத்தான் இருந்திருக்காரு.

நேத்து ராத்திரி சாப்பாடு இறங்கல. ஆனா தூக்கம் வந்துது அக்கா. ரொம்ப நாளைக்கு அப்புறம்.

ஊர்வலத்தை நிறுத்தினது தப்புதான். உன்னைக் கேட்டிருக்கணும். உன்னைக் கேட்கப் பயம். உனக்கு நல்லது செய்யறேன்னு சொல்லிக்கிட்டேன், எனக்குத்தான் செஞ்சுக்கிட்டேன்.

திங்கட்கிழமை மச்சானோட ஆண்டுப் பிரார்த்தனைக்கு நான் வரணும். வந்து பின்வரிசையில நிக்கறேன், நீ பேசவே வேண்டாம். ஆனா அந்தப் பெட்டி முத்தத்துல இருந்தா என்னால உன் வாசலைத் தாண்ட முடியாது. அதை மட்டும் எரிச்சிடு. திறக்காம எரி. மூடியோட உள்பக்கம் நான் ஒரு கிண்டல் எழுதியிருந்தேன், மச்சான் திறந்து பார்த்துத் திட்டட்டும்னு. அதை நீ படிக்கக் கூடாது.

பிரௌலியோ

—

லாஸ் பால்மாஸ்,
10 மார்ச் 1986

தம்பி பிரௌலியோ,

முதல் வரியிலேயே நடை மாறிவிட்டது. திருத்தப்போவதில்லை.

மூடியின் உட்புறத்தை நான் படித்துவிட்டேன். படித்து ஓராண்டாகிறது. "அடுத்த வருஷம் பார்ப்போம், மச்சான்" என்று மஞ்சள் வண்ணத்தில், உன் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தாய்.

எப்படிப் படித்தேன் என்பதைச் சொல்கிறேன். உட்கார்ந்து கேள்.

நீ ஓடிய பிறகு நகராட்சியிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேறு எதுவும் கிடைக்கவில்லை. மெல்லிய பலகை, ஆணிகள் உட்புறம் நீட்டிக்கொண்டிருந்தன. என் கணவரின் தோள் அதில் அடங்காது என்று பார்த்த உடனே தெரிந்தது. கையை மடக்கிவைத்தால் அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். முற்றத்தைப் பார்த்தேன். அவருடைய கட்டிலின் மரத்தில், அவரைத் தரையில் படுக்கவைத்து அளவெடுத்து, வயிற்றை உள்ளிழுக்க அவர் மறுத்ததனால் தாராளமாகச் செய்த பெட்டி அங்கே இருந்தது.

பாதிரியார் மறுத்தார். அது கேலிக்குச் செய்த பொருள், அதில் ஒரு கிறிஸ்தவனை வைக்கலாமா என்றார். நான் சொன்னேன்: "கேலிக்குத்தான் செஞ்சான், சாமி. ஆனா ஒரு மூலையைக்கூடக் கேலியாச் செய்யல. தடவிப் பாத்துக்கங்க." அவர் விரலால் மூலையைத் தடவினார். பிறகு புனித நீரை எடுத்துவரச் சொன்னார்.

நீ எரிக்கச் சொல்லும் பெட்டியில்தான் எலீஹியோ இருக்கிறார்.

மூடியைத் திறந்தபோது எழுத்தைக் கண்டு ஃபாக்குந்தோ நீல வண்ணத்தையும் தூரிகையையும் எடுத்துவந்தார். நான் அழிக்க விடவில்லை. அவருடைய கண்ணுக்கு நேராக அது இருக்கிறது. மேலே எங்கள் நீலக் கொடியைப் போர்த்தினோம். உள்ளே வைத்த நான்கு பேரும் வெளியே சொல்லவில்லை; சொல்லக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவரை எதில் அடக்கம் செய்தோம் என்று முதலில் கேட்க வேண்டியவன் நீ. கேட்பாய் என்று ஓராண்டு காத்திருந்தேன். நீ கேட்டதெல்லாம் எரித்துவிட்டாயா என்பதுதான்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே. அந்தக் கைப்பிடியை நான் பிடித்த தோள் மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. வலிக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன். திட்டு வாங்குகிறவன் தூரத்தில் இருந்தால் திட்டுகிறவளுக்குத்தான் களைப்பு. ஆகவே இனி நீ செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். இவை வேண்டுகோள்கள் அல்ல.

அடுத்த வருஷம் பார்ப்போம் என்று எழுதியவன் நீ. அந்த வருஷம் வந்துவிட்டது. பார்க்க நீ வந்தாக வேண்டும். ஊர்வலத்தை மீண்டும் நடத்தும்படி இரு கிளப்புகளுக்கும் நேற்றே எழுதிவிட்டேன். ஃபாக்குந்தோ என் கடிதத்தை முடிதிருத்தும் கடையில் உரக்கப் படித்தாராம். பாதி மழித்த நிலையில் உட்கார்ந்திருந்தவர்களும் சோப்பு நுரையோடு கைதட்டினார்களாம். மஞ்சள் செயலாளர் பாலத்தின் நடுவரை ஓடி வந்து சரி என்று கையசைத்தார்.

ஞாயிறன்று நாங்கள் வெல்லப்போகிறோம். எங்களுக்கு ஒரு மஞ்சள் பெட்டி வேண்டும். இந்தக் கரையில் இருக்கும் தச்சன் கோழிக்கூடு செய்பவன். அவன் செய்யும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடக்க எனக்கு வெட்கம். நீ செய். பலகை எதுவாக இருந்தாலும் சரி, ஆற்றங்கரையில் எரியப்போவதுதான். ஆனால் உன் அளவுக்குச் செய். யாரையாவது தரையில் படுக்கவைத்து அளக்காதே. நீயே படுத்து, முதலாளியை அளக்கச் சொல். வயிற்றை உள்ளே இழுக்காதே. செய்ததைச் சிச்சோவின் பேருந்துக் கூரையில் ஏற்றி, நீயும் அதே பேருந்தில் சனிக்கிழமைக்குள் வந்து சேர். மூடியின் உட்புறத்தை வெறுமையாக விடு. அங்கே என்ன எழுத வேண்டும் என்பதை நான் யோசித்துவைத்திருக்கிறேன். இலக்கணம் சுத்தமாக இருக்கும்.

லோமா செகாவில் உன் வீட்டைத் திற. பூட்டிய கதவின் முன்னால் சவப்பெட்டியை இறக்கிவைக்க முடியாது. எனக்கு ஒரு வாசல் வேண்டும். இத்துடன் சிச்சோவிடம் ஒரு கறுப்புத் துணி அனுப்புகிறேன். திங்கட்கிழமையோடு என் துக்கக் காலம் முடிகிறது. இனி அது இந்த வீட்டில் எனக்குத் தேவையில்லை. ஞாயிறு மாலை அதை உன் வாசலில் கட்டிவிட்டு, நாற்காலி போட்டு, காப்பி வைத்து உட்கார். எலீஹியோவின் மேளத்தை நான்தான் அடித்துக்கொண்டு வருவேன். பழகிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு நாய் ஒப்புக்கொள்ளவில்லை. நீ எழுந்து வந்து மார்பில் அடித்து அழ வேண்டும். சத்தமாக அழ வேண்டும். ஓராண்டாக அழாததையும் சேர்த்து அழலாம். அன்றைக்கு யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மறுநாள் காலை நீ பின்வரிசையில் நிற்கப் போவதில்லை. முன்னால், இடது பக்கம், என் பக்கத்தில் நிற்பாய்.

ஒருவேளை உங்கள் ஊர் வென்றால், அப்படி நடக்காது, கேத்தானோவுக்கு மார்பு உயரத்தில்தான் பந்து வரும்; இருந்தாலும் வென்றால், வெறுங்கையோடு என் வாசலுக்கு வராதே. மேளத்தோடு வா. நான் அழுவேன். பொய்யாக அழுவது எப்படி என்பதை மறந்திருக்கிறேன், முயன்று பார்க்கிறேன்.

நாற்காலியை உள்ளே எடுத்துவைத்துவிட்டேன். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இடது கால் சற்று ஏறி நிற்கிறது. அவசரத்தில் செய்திருக்கிறாய். வரும்போது இழைப்புளி கொண்டு வா.

மஞ்சள் பெட்டியின் மேல் போர்த்தும் துணியை நான் தைக்கிறேன். உன் உயரம் எனக்குத் தெரியும். தலைநகரச் சாப்பாட்டில் தோளின் அகலம் என்ன ஆயிற்று என்று தெரியாது. நீளத்தையும் அகலத்தையும் எழுதி நாளைக்கே சிச்சோவிடம் கொடுத்தனுப்பு. தாமதிக்காமல் பதில் எழுது.

உன் அக்கா
எர்மினியா